"புள்ளைகிட்ட சொல்லாதீங்க!" - மரணத்தைப் பற்றியும் மகளோடு பேசிய ஒரு குடும்பத்தின் கதை

விடியற்காலையில் போடிப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராசிங்காபுரம், சிலமலை, போடி என்று ஊர் ஊராக ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலை ஏறும். தூக்குவாளியில் மதியச் சோறு, தலைக்கு ஒரு துண்டு, மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் நாள் கூலி. சாயங்காலம் அதே ஜீப்பில் வீடு.

இந்த ஓட்டத்திலிருந்து ஒரு வீடு மட்டும் திடீரென்று நின்றுபோனால், காரணம் தெருவுக்கே தெரிந்துவிடும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை. முதலில் போடி அரசு ஆஸ்பத்திரி. பிறகு க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி. அங்கிருந்து மதுரை. 2023 ஜூனில் போடிக்கு ரயில் திரும்பி வந்த பிறகு, சென்னைக்கு நேராகவே ரயில் ஏறலாம்.

எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும், டாக்டரின் அறையிலிருந்து வெளியே வரும் அப்பாவோ மாமாவோ கூட வந்தவர்களிடம் முதலில் சொல்வது ஒன்றுதான். "புள்ளைகிட்ட சொல்லாதீங்க."

பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால், அந்தப் பிள்ளைக்கு வயது 14, 15 என்றால்? கையில் போன் இருக்கிறது. மருந்துச் சீட்டில் இருக்கும் பெயரைத் தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அம்மா அடுப்படியில் முந்தானையால் முகத்தைத் துடைப்பது கட்டிலிலிருந்து தெரியும். எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை யாரும் பேசாமல், அந்த வீடு நாட்களைக் கடத்தும்.

அப்படிக் கடத்தாத ஒரு குடும்பம் டெல்லியில் இருந்தது. அவர்கள் கதை சினிமாவாகவும் வந்திருக்கிறது. 2019 அக்டோபரில் வெளியான 'தி ஸ்கை இஸ் பிங்க்' என்ற இந்திப் படம். விஜய்யோடு 'தமிழன்' படத்தில் அறிமுகமானாரே பிரியங்கா சோப்ரா, அவர்தான் அதில் அம்மா. அப்பாவாக ஃபர்ஹான் அக்தர். மகளாக 'தங்கல்' படத்துச் சிறுமி ஸைரா வாசிம். படத்தைப் பார்த்துவிட்டு அழுதவர்கள் நிறைய பேர். அது நிஜமான வீடு என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

அதிதி, நிரேன் சௌத்ரி தம்பதிக்கு முதலில் தான்யா என்றொரு பெண் குழந்தை பிறந்தது. சில மாதங்களிலேயே இறந்துபோனது. குழந்தைக்கு இருந்தது 'ஸ்கிட்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நோய். பிறக்கும்போதே உடம்பில் நோய் எதிர்ப்பு சக்தி இருக்காது. நமக்கு இரண்டு நாள் சளியாக வந்து போகும் கிருமி, இந்தக் குழந்தைகளை நிமோனியாவில் தள்ளிவிடும். அதிதி, நிரேன் இருவர் உடம்பிலும் அந்தக் கோளாறுள்ள மரபணு ஒளிந்திருந்தது. ஆனால் இருவரையும் அது ஒன்றும் செய்யவில்லை. இப்படி ஒரு தம்பதிக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு, அந்த நோய் வர வாய்ப்பு உண்டு.

இரண்டாவது குழந்தை இஷான், ஆரோக்கியமான பையன். மூன்றாவதாக 1996 மார்ச் 27-ம் தேதி பிறந்தவர் ஆயிஷா. அவருக்கு மறுபடியும் அதே நோய்.

ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது லண்டனில் ஆயிஷாவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்தது. பிழைத்தார். குடும்பம் சில ஆண்டுகள் அங்கேயே இருந்து, பிறகு இந்தியா திரும்பியது. பள்ளிக்கூடம், சிநேகிதிகள், அண்ணனோடு சண்டை என்று வாழ்க்கை ஓடியது. இனி பயமில்லை என்று எல்லாரும் நம்பத் தொடங்கியிருந்தார்கள்.

2010-ல், ஆயிஷாவுக்கு 13 வயது இருக்கும்போது, அடுத்த அடி. நுரையீரல் நார்த்திசு நோய். நுரையீரலின் மெல்லிய பஞ்சு போன்ற திசு, தழும்பேறி விறைத்துக்கொண்டே போகும். மூச்சை இழுத்தால் காற்று உள்ளே போகும். அதிலுள்ள ஆக்ஸிஜன் ரத்தத்தில் போதுமான அளவு சேராது. குழந்தையில் உயிரைக் காப்பாற்றிய அந்தச் சிகிச்சையின் பின்விளைவாக வந்தது இது. தழும்பான நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது.

நம் வீடுகளில் "புள்ளைகிட்ட சொல்லாதீங்க" தொடங்கும் இடம் இதுதான். ஆயிஷா விஷயத்தில் நடந்தது வேறு. நோய் தெரிந்து ஓரிரு ஆண்டுகளில், 15 வயதில், 2011 'இங்க்' மாநாட்டு மேடையில் ஏறி, தன் நோயைப் பற்றித் தானே பேசினார். பயத்தைப் பற்றிப் பேசினார். சாவைப் பற்றியும். அந்த உரையை இணையத்தில் பார்த்தேன். பரிதாபம் தேடும் குரல் இல்லை அது. இடையிடையே சிரிக்கிறார், நம்மையும் சிரிக்க வைக்கிறார். வீட்டில் பேசிப் பழகாத ஒரு பெண்ணால், முன்பின் தெரியாத கூட்டத்தின் முன்னால் இப்படிப் பேச முடியாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிறகும் பல மேடைகளில் பேசினார். படம் வரைந்தார். நாய் வளர்த்தார். நடமாட்டம் குறைந்து, ஆக்ஸிஜன் குழாய் மூக்கிலேயே தங்கிவிட்ட நாட்களில் எழுதத் தொடங்கினார். நீளமாக இல்லை, இரண்டு வரி, மூன்று வரிச் சிந்தனைகள். அவற்றை 'மை லிட்டில் எபிஃபனீஸ்' என்ற புத்தகமாக ப்ளூம்ஸ்பரி இந்தியா பதிப்பகம் 2015 ஜனவரியில் கொண்டுவந்தது. அதே மாதம் 24-ம் தேதி ஆயிஷா காலமானார். வயது 18.

படத்தில் இந்தக் குடும்பத்தின் செல்லப் பெயர்கள் ரசிக்கும்படி இருக்கும். அம்மா 'மூஸ்', அப்பா 'பாண்டா', அண்ணன் 'ஒட்டகச்சிவிங்கி'. இறந்துபோன மகளே கதை சொல்கிறாள், அதுவும் அப்பா அம்மாவின் காதல் கதையை. எடுத்தவர் ஷோனாலி போஸ். 2010-ல் 16 வயது மகனைப் பறிகொடுத்தவர் அவர். அதிதி அவரைத் தேடிப் போனதில் ஆச்சர்யமில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. ஆயிஷாவின் கடைசி ஆண்டுகளில் இது வசதியான வீடு. கே.எஃப்.சி., பீட்சா ஹட் கடைகளை நடத்தும் யம் நிறுவனத்தின் இந்தியப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் நிரேன். நாள் கூலிக்கு மலை ஏறும் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால், அன்று இரண்டு பேர் கூலி போகும். நோயாளிக்கு ஒன்று, துணைக்கு ஒன்று. லண்டன் நமக்கு வாய்க்காது. ஆனால், மகளோடு உட்கார்ந்து பேசியதற்கும் 'உனக்கு என்ன ஆசை' என்று கேட்டதற்கும் பணம் எதுவும் செலவாகவில்லை.

இதே நோயோடு வாழ்ந்த இன்னொரு பிள்ளையும் உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1971-ல் பிறந்த டேவிட் வெட்டர். அவன் அண்ணனும் ஏழு மாதக் குழந்தையாக இதே நோயில் இறந்தவன். அதனால், பிறந்த சில நொடிகளிலேயே டேவிட்டைக் கிருமி புகாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்துவிட்டார்கள். அதற்குள்ளேயே தவழ்ந்தான், நடந்தான், படித்தான். பெற்றோர் அவனைத் தொட வேண்டுமானால், கூடாரத்தின் சுவரில் பொருத்திய கறுப்புக் கையுறைக்குள் கையை விட்டுத்தான் தொட வேண்டும்.

1977-ல் நாசா அவனுக்கு ஒரு குட்டி விண்வெளி உடை செய்து கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு முதன்முறையாக வெளியே நடந்தான். அம்மா அவனை முதன்முறையாக அள்ளித் தூக்கியது அன்றுதான். அப்போது அவனுக்கு வயது ஐந்து! 1983-ல் அக்காவின் எலும்பு மஜ்ஜையை அவனுக்குச் செலுத்தினார்கள். அதில் ஒளிந்திருந்த வைரஸ் ஒன்று புற்றுநோயை உண்டாக்கியது. 1984 பிப்ரவரியில், 12 வயதில் இறந்தான். அதற்குச் சில நாட்கள் முன்பு கூடாரத்திலிருந்து வெளியே எடுத்தபோதுதான், கையுறை இல்லாத அம்மாவின் கை அவன் மேல் பட்டது.

டேவிட்டை நினைத்தால் மனசு ரெண்டாகப் பிரிகிறது. கூடாரம் இல்லையென்றால் 12 வயது வரை இருந்திருக்க மாட்டான். ஆனால், அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவன் பேச்சில் பேர் வாங்கியது விண்வெளி உடை போட்டு நடந்த அந்த ஏழெட்டு நடைகள்தான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளின் ஆசைகளை நிறைவேற்றுவதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. 1980-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில், ரத்தப் புற்றுநோய் வந்த கிறிஸ் என்ற ஏழு வயதுப் பையன் போலீஸ்காரன் ஆக ஆசைப்பட்டான். அங்குள்ள போலீஸார் அவன் அளவுக்குச் சீருடை தைத்துக் கொடுத்து, ஹெலிகாப்டரிலும் ஏற்றினார்கள். சில நாட்களில் அவன் இறந்துபோனான். அதிலிருந்து பிறந்ததுதான் 'மேக் எ விஷ்' அமைப்பு. இந்தியாவில் 1996 முதல் இயங்குகிறது. உயிருக்கு ஆபத்தான நோயுள்ள 3 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது.

வலியோடு துடிக்கும் பிள்ளைக்கு ஆசை எங்கிருந்து வரும் என்று கேட்டால், அந்தக் கேள்வி சரியானதுதான். முதலில் வலி அடங்க வேண்டும். மூச்சுத் திணறல் குறைய வேண்டும். நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் இவற்றைக் குறைக்க முடியும். நோய்த்தணிப்பு சிகிச்சை என்பது அதுதான். "இனி ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்ற வார்த்தைக்குப் பிறகு செய்வதற்கு நிறைய இருக்கிறது என்று சொல்லும் மருத்துவம்.

கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபின் நல்ல மருந்து. மூச்சுத் திணறலுக்கும் குறைந்த அளவில் கொடுப்பதுண்டு. ஆனால், 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியில், மருத்துவர்களும் மருந்துக் கடைகளும் அதைத் தொடவே பயந்தார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள். உலகுக்கே மருந்துக்கான அபினைச் சட்டப்படி விளைவித்துத் தரும் நாடு இது. இங்கே ஒரு பிள்ளை வலியில் கத்துவதைக் கேட்டுக்கொண்டு வீடே விழித்திருக்கிறது என்றால், கோபம் வரத்தான் செய்கிறது. டாக்டர் கண்காணிப்பில் சரியான அளவில் கொடுத்தால், 'அடிமையாகிவிடுவான்' என்று பயந்து வலியில் விட வேண்டியதில்லை.

ராசிங்காபுரத்துக்காரர்களுக்கு இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தினமும் ஜீப் ஏறிப் போகும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். 1993-ல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய இந்தச் சிகிச்சை, 2008-ல் அந்த மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. ஊராட்சி அளவில் நர்ஸ் வீடு தேடிப் போய், புண்ணைச் சுத்தம் செய்து, மருந்து கொடுத்து, உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார். நம் பக்கம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் நோய்த்தணிப்பு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும் சேவைகளாக இருக்கின்றன. சர்க்கரை, பிரஷர் மாத்திரை தரும் திட்டம் என்று மட்டும் நினைத்து, படுத்திருக்கும் பிள்ளைக்காகக் கேட்காமல் விட்டுவிட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 104-க்கு போன் செய்தும் விசாரிக்கலாம். எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற பெரிய சிகிச்சைகள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் உண்டு.

சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் வழக்கம் உள்ள ஊர்களுக்கு இன்னொரு தகவலும் வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தை காரணம் தெரியாமல் கைக்குழந்தையாக இறந்திருந்து, அடுத்த குழந்தைக்கும் வாயில் வெண்புண், தீராத பேதி, திரும்பத் திரும்ப நிமோனியா, எடை ஏறாமை என்று வந்தால், 'ஸ்கிட்' இருக்குமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பி.சி.ஜி. போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசி இந்தக் குழந்தைகளுக்கு மட்டும் ஆபத்து என்பதால், முதல் குழந்தை இறந்த விவரத்தைப் பிரசவத்துக்கு முன்பே சொல்வது நல்லது. மற்ற குழந்தைகளுக்குத் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. முதல் மூன்று, மூன்றரை மாதங்களுக்குள் மஜ்ஜை மாற்று சிகிச்சை கிடைத்தால் பலன் அதிகம்.

படுத்திருக்கும் பிள்ளையின் அண்ணன், தங்கைகளையும் யாராவது கவனிக்க வேண்டும். படத்தில் அம்மா ஆயிஷாவோடு லண்டனில் இருக்க, அப்பாவும் பையனும் டெல்லியில் இருக்கிறார்கள். இஷானுக்கு அதில் ஏற்படும் தனிமையைப் படம் மறைக்கவில்லை. நம் ஊரில் அந்தப் பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிடுவார்கள். அவனிடமும் "ஒண்ணுமில்லடா, காய்ச்சல்தான்" என்றுதான் சொல்வார்கள். அவனும் நம்புவதுபோல இருந்துகொள்வான்.

எப்படிச் சொல்வது என்று தெரியாத வீடுகளுக்கு, நோய்த்தணிப்பு மருத்துவர்கள் காட்டும் வழி எளிமையானது. நாமாக எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. "உனக்கு என்ன ஆகியிருக்குன்னு நீ நினைக்கிற?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை பேசும் வரை பொறுத்திருக்கலாம். எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையே காட்டிவிடும். கேட்கும் கேள்விக்குப் பொய் சொல்லாமல் பதில் சொன்னால் போதும். தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே சொல்லலாம்.

அதற்குப் பிறகு ஆசையைக் கேட்கலாம். ராசிங்காபுரத்துப் பிள்ளை ஹெலிகாப்டர் கேட்காது. போடிமெட்டுக்குப் போகணும் என்று சொல்லலாம். 17 கொண்டை ஊசி வளைவு. அப்பாவும் அம்மாவும் தினமும் ஏறி இறங்கும் மலை, பிள்ளை சரியாகப் பார்த்திருக்காது. உயரம் ஏற ஏற ஆக்ஸிஜன் தேவை கூடும். நுரையீரல் நோய் என்றால் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும்: போகலாமா, எந்த வளைவு வரை, எத்தனை மணி நேரம், எவ்வளவு ஆக்ஸிஜன், எந்த மாத்திரை. மேலே முடியாது என்று அவர் சொன்னால், அடிவாரத்தில் கொட்டக்குடி ஆற்றங்கரை இருக்கிறது. ஜீப் எப்படியும் அந்த வழியாகத்தான் போகிறது.