கெடுவைத் தெளிவாகக் குறித்தல்

திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் ‘நியமித்த நாள்’ என்று கூறியதோடு நில்லாமல், அது எந்தத் தேதி என்பதையும் ஐயத்துக்கு இடமின்றி வரையறுத்தது. நம் ஊராட்சிகளிலிருந்து ஆங்கிலத்தில் செல்லும் கடிதங்களுக்கும் இத்தெளிவு வேண்டும்.

‘பை ஜூன் 15’ என்றால் 15ஆம் தேதியும் சேரும். ‘பிஃபோர் ஜூன் 15’ என்றால் 14ஆம் தேதியோடு கெடு தீர்ந்தது. ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பில் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதிவிட்டால், 15ஆம் தேதி காலையில் உறையுடன் வருபவர் வீணே திரும்ப நேரிடும், வழக்கும் எழலாம். ‘டில்’ என்பதோ இரு பொருளுக்கும் இடந்தருவது. எல்லைப்புறத்தில் வழங்கும் தமிழ் ‘வரை’க்கும் தெலுங்கு ‘வரக்கு’வுக்கும் இதே குறை உண்டு. ‘அந்நாள் உட்பட’ என்னும் பொருள்பட ‘இன்குளூசிவ்’ என்று சேர்த்தால் குழப்பம் அகலும்.

‘வித்தின் 15 டேஸ்’ என்பது இன்னும் இடர் மிக்கது. கடிதத்தின் தேதியிலிருந்தா, அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்தா? 3ஆம் தேதியிட்ட கடிதம் 8ஆம் தேதி வந்து சேர்ந்தால் ஐந்து நாட்கள் வழியிலேயே கழிந்தன. தகவல் பெறும் உரிமைச் சட்டம் (2005) விண்ணப்பம் கிடைத்ததிலிருந்து 30 நாட்கள் என்று தெளிவாகக் கூறுகிறது. ஜூன் 3 அன்று கிடைத்த விண்ணப்பத்திற்கு ஜூலை 3 கடைசி நாள். தொடக்க நாள் கணக்கில் சேராது. திருத்தணி மலையேறுவோர் அடிவாரத் தரையைப் படியாக எண்ணுவதில்லையே, அதுபோல. 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம் காட்டும் வழியும் இதுவே. கடைசி நாளில் அலுவலகம் மூடியிருந்தால், மீண்டும் திறக்கும் நாளில் செய்வதும் செல்லும் என்கிறது. ஆயினும் அது மத்தியச் சட்டங்களுக்கு உரியது. நாம் எழுதும் அறிவிப்புக்கு அதையே நம்பியிருத்தல் ஆகாது.

‘மிட்நைட்’ என்ற சொல்லையும் தவிர்த்தல் நன்று. டிசம்பர் 31 நள்ளிரவு என்றால் படித் திருவிழாவுக்கு வரும் அன்பர்கள் புத்தாண்டு பிறக்கும் வேளையையே கருதுவர். ஏட்டுக் கணக்கில் அது 30ஆம் தேதி முடிந்து 31 தொடங்கும் கணமாகவும் கொள்ளப்படலாம். இரவு 11.59 என்று எழுதினால் போதும்.

நாட்களை எண்ணும் வேலையைப் படிப்பவரிடம் விடாமல், எழுதுபவரே எண்ணித் தேதியைக் கூறிவிடலாம். மாதத்தை எண்ணால் குறியாது பெயரால் குறிக்க வேண்டும். 5/6 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. கிழமையையும் சேர்த்தால் தேதியில் நேர்ந்த பிழை உடனே புலப்படும். ‘நாட் லேட்டர் தேன் 5 பி.எம். ஆன் மண்டே, 15 ஜூன் 2026’ என்று எழுதிய அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் அலுவலக வாயிலில் வாதாட வேண்டியிராது.