அன்னிய ஆலைகளும் அரசு அனுமதிகளும்: வணிகர் அறிய வேண்டியவை

ஓர் ஊருக்குப் பெரிய அன்னிய ஆலை வரப்போகிறது என்ற செய்தி பத்திரிகையில் வந்தவுடன், அந்த வட்டாரத்தில் கடை பிடிப்பதும், கிடங்குக்கு இடம் வாங்குவதும், கடன்பட்டுச் சரக்கு இறக்குவதும் வணிகர்களிடையே வழக்கமாக உள்ளது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாவது வேறு, ஆலை ஓடுவது வேறு. இரண்டுக்கும் இடையே பல அனுமதிகள் உள்ளன. அவற்றின் விதிகளோ அடிக்கடி மாறி வருகின்றன.

விதிகள் வளர்ந்த விதம்

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பெரிய திட்டங்களுக்கு முன் அனுமதி கட்டாயம் என்று 1994 ஜனவரியில் அறிவிக்கை வந்தது. 1997இல் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் சேர்க்கப்பட்டது. 2006 செப்டம்பரில் புதிய அறிவிக்கை வந்து, பெரிய திட்டங்களை மைய அமைச்சகமும் மற்றவற்றை மாநில ஆணையமும் பரிசீலிக்கும் முறை ஏற்பட்டது. வனநிலம் என்றால் தனி அனுமதி வேண்டும். 2006இன் வன உரிமைச் சட்டத்தை ஒட்டி, கிராம சபையின் இசைவும் வேண்டும் என 2009இல் அமைச்சகம் அறிவுறுத்தியது. 2010இல் பசுமைத் தீர்ப்பாயம் அமைந்தது.

போஸ்கோ தரும் பாடம்

தென் கொரியாவின் போஸ்கோ நிறுவனம், ஆண்டுக்கு 120 லட்சம் டன் எஃகு ஆலை அமைக்க ஒடிசா அரசுடன் 2005 ஜூனில் ஒப்பந்தம் செய்தது. முதலீடு சுமார் ரூ.52,000 கோடி. பாராதீப் துறைமுகத்துக்கு அருகே தேர்ந்த இடத்தில் பெரும்பகுதி வனநிலம். அங்குள்ள கிராமத்தார் வெற்றிலைக் கொடிக்காலை நம்பி வாழ்ந்தவர்கள். நிலத்தை விட மறுத்தனர்.

2007இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதன் பிறகே வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, புதிய கேள்விகள் எழுந்தன. 2011இல் நிபந்தனைகளுடன் மீண்டும் அனுமதி வந்தது. 2012 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அதை நிறுத்தி வைத்து, மறு ஆய்வுக்கு உத்தரவிட்டது. 2014 ஜனவரியில் மறுபடியும் அனுமதி கிடைத்தது. ஆனால் 2015இல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, இரும்புத்தாதுச் சுரங்கத்தை ஏலத்தில்தான் எடுக்க வேண்டும் என்றாயிற்று. கணக்கு கட்டுபடியாகவில்லை. 2017இல் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு போஸ்கோ அரசிடம் கேட்டுக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டுகளாகியும் ஒரு டன் எஃகு கூட அங்கு உருகவில்லை.

விதிகள் உள்நாட்டு நிறுவனத்துக்கும் பொதுவானவையே. எனினும் அன்னிய நிறுவனம் வேறு நாட்டுக்கு முதலீட்டைத் திருப்பிக்கொண்டு போய்விடும். வட்டாரத்தில் கடை போட்டவர் அப்படிப் போக முடியாது. அதேபோல், கொடிக்கால் வைத்தவருக்கும் வேறு போக்கிடமில்லை என்பதால், கருத்துக் கேட்பை வெறும் தடங்கல் என்று நாம் எண்ணலாகாது.

உறுப்பினர்கள் கவனத்திற்கு

1. கருத்துக் கேட்புக் கூட்ட அறிவிப்பு, குறைந்தது முப்பது நாள் முன்னதாக நாளிதழில் வரும். அதைப் பாருங்கள், சங்கத்தின் கருத்தை எழுத்து மூலம் கொடுங்கள்.

2. உற்பத்திக்கு முன், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை தேவை. அது வந்ததா என்று விசாரியுங்கள்.

3. வனநிலம், நீதிமன்ற வழக்கு, மூலப்பொருள் இம்மூன்றையும் கேட்டறியுங்கள்.

4. ஒப்பந்தக்காரர்களுக்குக் கடன் சரக்குக்கு வரம்பு வையுங்கள்.

அனுமதிகள் முழுமையாகும் வரை, அன்றாட வியாபாரத்துக்குத் தாங்கும் அளவே முதல் போடுவது உத்தமம்.