பஸ் வந்து நிற்பதற்குள் டீ

கூத்துப் பாட்டுக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "தம்பி, என் கொரலு எனக்குப் பின்னாடி வருது. அது வந்து சேர்ற வரைக்கும் நிக்கறதா, இல்ல நான் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கறதா?"

கிருமாம்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் ஒலிப்பதிவுக் கூடம். கடலூர் சாலையில் பஸ் ஹாரன் அடங்க ராத்திரி பத்து மணி தாண்டிவிடும். அதற்குப் பிறகு ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு, பாகூர்ப் பக்கத்துக் கூத்துக் கலைஞர்களை உட்கார வைத்துப் பதிவு செய்வேன். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, பாட்டு. கையில் இருப்பது ஒரு பழைய லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு மைக். அன்று அவர் சொன்ன குறையைத் தேடிப் போனபோதுதான், இத்தனை நாள் கண்ணில் படாத ஒன்றைப் பார்த்தேன். லேப்டாப்பின் பிராசசர் ஒரே வேகத்தில் ஓடுவதே இல்லை.

ஒலி கம்ப்யூட்டருக்குள் எப்படிப் போகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். மைக்கில் விழும் அதிர்வை இன்டர்ஃபேஸ் விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. அந்த எண்கள் கட்டுக் கட்டாகத்தான் பிராசசரிடம் போகும். ஒரு கட்டுக்கு பஃபர் என்று பெயர். 128 எண்கள் கொண்ட கட்டு நிரம்ப 2.7 மில்லிவிநாடி ஆகும். அடுத்த கட்டு வருவதற்குள் இந்தக் கட்டைப் பிரித்து, எதிரொலி சேர்த்து, மற்ற தடங்களோடு கலந்து, ஹெட்ஃபோனுக்கு அனுப்பி முடித்துவிட வேண்டும். முடியாமல் போனால் அந்த இடத்தில் ஒலி அறுந்து 'டிக்' என்று தெறிக்கும். லினக்ஸில் பதிவு செய்கிறவர்கள் இதை 'எக்ஸ்ரன்' என்பார்கள். திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வளைந்து இறங்கிக்கொண்டிருந்த கோடு கிணற்றுச் சுவர் மாதிரி செங்குத்தாக விழுந்திருக்கும்.

டிக் சத்தம் வந்தால் எல்லோரும் முதலில் செய்வது பஃபரைப் பெரிதாக்குவது. நானும் 1024 ஆக்கினேன். ஒரு கட்டுக்கு 21 மில்லிவிநாடி கெடு கிடைத்தது, டிக் நின்றது. ஆனால் உள்ளே போக ஒரு கட்டு, வெளியே வர ஒரு கட்டு என்று பாடியவருடைய குரல் அவர் காதுக்குத் திரும்ப 43 மில்லிவிநாடி ஆனது. காற்றில் ஒலி அந்த நேரத்துக்குள் ஏறக்குறைய 48 அடி போய்விடும். பாவம், தெருக்கோடியில் நின்று வேறு யாரோ தன் குரலில் பாடுவதைக் கேட்டுக்கொண்டே அவர் தாளம் பிடிக்க வேண்டியிருந்தது. மறுபடி 128க்கு இறக்கினால் குரல் உடனே கேட்டது, கூடவே டிக்கும் வந்தது.

எனக்குப் புரியாதது என்னவென்றால், சிபியூ மீட்டர் 25 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. முக்கால் பங்கு சும்மா இருக்கும் மெஷினால் எப்படி வேலையை முடிக்க முடியாமல் போகும்? மீட்டர் காட்டுவது நான்கு கோர்களின் சராசரி. ஒரு கோர் மூச்சு முட்ட ஓடி, மற்ற மூன்றும் சும்மா இருந்தாலும் 25 என்றுதான் காட்டும். அதைவிட முக்கியமான விஷயம், அந்த நேரத்தில் பிராசசர் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடவில்லை, 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கியிருந்தது. முழு வேகத்தில் 1 மில்லிவிநாடியில் முடிகிற வேலைக்கு அந்த வேகத்தில் 3 ஆகும். கெடுவோ 2.7.

எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்து டீக்கடையிலும் இதே கதைதான். கூட்டமில்லாத நேரத்தில் அடுப்பைக் குறைத்து வைத்திருப்பார்கள். கேஸ் மிச்சம்; நல்ல பழக்கம்தான். பஸ் வந்து நின்றதும் பத்துப் பேர் இறங்கி டீ கேட்பார்கள். அதற்கப்புறம் அடுப்பைக் கூட்டினால் பால் சூடாவதற்குள் பஸ் கிளம்பிவிடும். நாள் முழுக்க எத்தனை டீ விற்றது என்ற சராசரி அந்தப் பத்துப் பேருக்கு உதவாது.

பிராசசர் வேகத்தைக் குறைப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அது தின்னும் மின்சாரம் வேகத்தையும் வோல்டேஜின் இருமடியையும் பொறுத்தது. வேகம் குறைந்தால் வோல்டேஜையும் குறைக்கலாம். வேகம் பாதியாகி, வோல்டேஜ் முக்கால் பங்கானால் செலவு கால் பங்கை ஒட்டி வந்துவிடும். இன்டெல் 2000ஆம் ஆண்டில் லேப்டாப் பென்டியம் 3 பிராசசர்களில் 'ஸ்பீட்ஸ்டெப்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. லினக்ஸில் எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று முடிவு செய்யும் நிரலுக்கு கவர்னர் என்று பெயர். அவற்றில் பல காலம் புழக்கத்தில் இருந்தது 'ஆன்டிமாண்ட்'. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான வெங்கடேஷ் பல்லிபாடியும் அலெக்ஸி ஸ்டாரிகோவ்ஸ்கியும் 2006 ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் அது வேலை செய்யும் விதத்தை விளக்கிக் கட்டுரை படித்தார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் சுமையை அளந்து பார்க்கும், ஏறியிருந்தால் வேகத்தைக் கூட்டும். அந்த இடைவெளி 10 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டாலும், அது விழித்துப் பார்ப்பதற்குள் என் 2.7 மில்லிவிநாடிக் கட்டுகள் மூன்று போய்விடும்.

இது தெரிந்த பிறகு பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். டிக் பெரும்பாலும் ஒரே மாதிரி இடத்தில்தான் இருந்தது: விருத்தம் முடிந்து மிருதங்கம் சேரும் இடம். விருத்தம் பாடும்போது மற்ற தடங்கள் மௌனம். சில எஃபெக்ட்கள் ஒலி இல்லாதபோது ஓய்ந்துவிடும். பிராசசரும் அடங்கிக் கிடக்கும். மிருதங்கத்தின் முதல் அடி விழும்போது எல்லாம் ஒன்றாக எழ வேண்டும். பாட்டில் எந்த இடத்துக்காகக் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்களோ, அந்த இடத்தையே இந்தச் சிக்கனம் கெடுத்தது.

வேகம் மாறுவதால் வேறு தொல்லையும் ஒரு காலத்தில் இருந்தது. லினக்ஸ் ஒலிப்பதிவுக்கு அடித்தளமாக பால் டேவிஸ் எழுதிய 'ஜாக்' என்ற மென்பொருள் ஆரம்ப நாட்களில் பிராசசரின் துடிப்பை எண்ணியே நேரம் பார்த்தது. வேகம் மாறினால் துடிப்பும் மாறும், நேரக் கணக்கு தப்பிவிடும். அதற்காகவே வேறு கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியைச் சேர்த்தார்கள். பின்னால் வந்த பிராசசர்களில் வேகம் மாறினாலும் அந்த எண்ணிக்கை ஒரே சீராக ஓடும்.

தீர்வு எளிது. பதிவு தொடங்கும் முன் கவர்னரை 'பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றினால் வேகம் மேலேயே நிற்கும். உபுண்டு ஸ்டூடியோ போன்ற தொகுப்புகளில் இதற்கென்றே அமைப்பு உண்டு. விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' திட்டத்தை எடுத்து, பிராசசரின் குறைந்தபட்ச நிலையை 100 சதவீதம் ஆக்க வேண்டும். புதிய இன்டெல் மெஷின்களில் லினக்ஸ் 'பெர்ஃபார்மன்ஸ்', 'பவர்சேவ்' என்று இரண்டே பெயர் காட்டலாம். அங்கே பவர்சேவ் என்றால் அடி வேகத்தில் பூட்டிவிட்டது என்று அர்த்தமில்லை, அதுவும் சுமைக்கேற்ப ஏறி இறங்கும். ஏறி இறங்குவதுதான் நமக்கு ஆகாது.

கிராமத்து வீடுகளில் பதிவு செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எர்த் சரியில்லாத வீட்டில் சார்ஜர் செருகியிருந்தால் மைக்கில் 'உம்ம்' என்று இரைச்சல் வரும். அதைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் பதிவு செய்வோம். கழற்றிய கணமே பல லேப்டாப்கள் தாமாகச் சிக்கனத்துக்குப் போய்விடும். இரைச்சல் போன இடத்தில் டிக் வந்து உட்காரும். சார்ஜரைக் கழற்றிய பிறகு கவர்னரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பெர்ஃபார்மன்ஸ் வைத்த பிறகு மாசி, பங்குனி வரை ஒரு குறையும் இல்லை. கத்திரி வெயில் வந்ததும் அரை மணி நேரப் பதிவுக்குப் பிறகு டிக் திரும்பி வந்தது. சாத்திய அறை, நிறுத்திய ஃபேன், ராத்திரியிலும் அனல். உச்ச வேகத்திலேயே நின்ற பிராசசர் கொதித்தது; எல்லை தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தை வெட்டியது. கவர்னர் என்ன சொன்னாலும் அப்போது அது கேட்காது. கேட்கவும் கூடாது, இல்லையென்றால் மெஷின் கெட்டுப்போகும்.

வேகத்தைக் கொஞ்ச நேரத்துக்கு இன்னும் மேலே ஏற்றும் டர்போவை அணைத்துவிட்டு, வேகத்தின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் 1.8 கிகாஹெர்ட்ஸ் என்று ஒரே எண்ணில் வைத்தேன். 1 மில்லிவிநாடி வேலை 1.3 ஆனது, 2.7க்குள் தாராளமாக முடிந்தது. சூடும் ஏறவில்லை. ஒலிப்பதிவுக்கு மெஷினை உச்சத்தில் ஓட்டுங்கள் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். நம் வெயிலுக்கு அது பாதி ஆலோசனைதான் என்பேன். சூடேறாமல் விடியும்வரை தாங்கக்கூடிய வேகம் எதுவோ, அதில் நிறுத்துவதே நல்லது.

இப்போது கலைஞர்கள் வருவதற்கு முந்தின இரவு, ஃபேனை நிறுத்தி, எல்லாத் தடத்தையும் ஓடவிட்டு, முக்கால் மணி நேரம் வெறும் அறையைப் பதிவு செய்கிறேன். எக்ஸ்ரன் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றால் மறுநாள் வரச் சொல்லி ஃபோன் செய்வேன். பதிவு முடிந்து அவர்கள் கிளம்பியதும் லேப்டாப்பைப் பழையபடி சிக்கனத்துக்கு மாற்றிவிடுவேன்.