தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பிய மன்னர்கள்: டென்மார்க் தேவாலயங்களில் பார்க்க வேண்டியவை

கோப்பன்ஹேகன் மத்திய ரயில் நிலையத்தில் ஏறினால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் ரோஸ்கில்டே நகரம் வந்துவிடும். நிலையத்திலிருந்து பேராலயத்துக்கு நடந்தே போகலாம். இரண்டு செங்கல் கோபுரங்களின் மேல் ஊசிபோல் நீண்டிருக்கும் உச்சிகளே வழிகாட்டும்.

டென்மார்க்கின் மன்னர்களும் அரசிகளுமாக ஏறத்தாழ 40 பேர் அந்தப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவர்களில் இருவரின் கதை தமிழ் மண்ணோடு தொடர்புடையது. ஒருவர் நான்காம் கிறிஸ்டியன். அவரது ஆட்சியில்தான் 1620இல் டேனியர்கள் தரங்கம்பாடியில் காலூன்றினர். மற்றவர் நான்காம் ஃபிரெடெரிக். சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பி வைத்தவர் அவர்தான்.

டென்மார்க் செல்லும் நம் பயணிகள் பலர் தேவாலயங்களின் முன் படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் வரலாறு தெரிந்துகொண்டு போனால், அதே கட்டடங்கள் வேறு கதை சொல்லும். கோப்பன்ஹேகனில் மூன்று, ரோஸ்கில்டேயில் ஒன்று என நான்கு தேவாலயங்களை இரண்டு நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

எங்கும் அரச முத்திரை ஏன்?

1536இல் டென்மார்க் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து விலகி, மார்ட்டின் லூதரின் சீர்திருத்தத்தை ஏற்றது. அதன்பின் திருச்சபை மன்னரின் அதிகாரத்துக்குள் வந்தது. 1849ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் அதை மக்கள் திருச்சபை என்று அறிவித்தது. இன்றும் டென்மார்க் மக்களில் பத்துப் பேருக்கு ஏறக்குறைய ஏழு பேர் அதன் உறுப்பினர்கள். அவர்கள் திருச்சபை வரியும் செலுத்துகிறார்கள். ஆனால், ஞாயிறுதோறும் வழிபாட்டுக்கு வருவோர் குறைவு.

இந்தப் பின்னணிதான் அங்குள்ள தேவாலயங்களின் தோற்றத்தைத் தீர்மானித்திருக்கிறது. சுவர்கள் பெரும்பாலும் வெள்ளையடிக்கப்பட்டு எளிமையாக இருக்கும். ஆனால், வாசல், மேற்கூரை, இசைக்கருவி என்று பல இடங்களில் கிரீடத்தோடு கூடிய எழுத்து முத்திரைகள் தென்படும். பெரிய 'சி' எழுத்தின் வயிற்றுக்குள் '4' என்ற எண் இருந்தால், அது நான்காம் கிறிஸ்டியனின் முத்திரை. இதைப் படிக்கத் தெரிந்துகொண்டால், எந்த மன்னர் காலத்து வேலை என்பதை வழிகாட்டி இல்லாமலேயே சொல்லிவிடலாம்.

நங்கூரப் பட்டறையில் தொடங்குவோம்

கோப்பன்ஹேகனின் நடுவே, கால்வாய் ஓரத்தில் இருக்கிறது ஹோல்மென்ஸ் தேவாலயம். 16ஆம் நூற்றாண்டில் அது கடற்படைக்கு நங்கூரம் அடிக்கும் பட்டறையாக இருந்தது. 1619இல் நான்காம் கிறிஸ்டியன் அதைக் கடற்படையினருக்கான தேவாலயமாக மாற்றினார்.

உள்ளே கூரையிலிருந்து கப்பல் மாதிரிகள் தொங்குவதைக் காணலாம். டென்மார்க்கின் பல தேவாலயங்களில் இந்த வழக்கம் உண்டு. கடலை நம்பி வாழ்ந்த மக்கள், பயணம் போனவர்களுக்காக வேண்டிக்கொண்டதன் அடையாளம் அது.

இந்தத் தேவாலயம் திறக்கப்பட்ட காலத்தில் ஓவ கெட்ட என்ற இளம் தளபதியின் தலைமையில் டேனியக் கப்பல்கள் ஆசியாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தன. 1618இல் கோப்பன்ஹேகனிலிருந்து புறப்பட்ட அந்தப் பயணத்தின் முடிவில், 1620இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு உடன்பாடு ஏற்பட்டது. தரங்கம்பாடியில் டேன்ஸ்பர்க் கோட்டை எழுந்தது.

தேவாலயத்தின் எதிர்ப்புறம் உள்ள பழைய பங்குச் சந்தைக் கட்டடமும் நான்காம் கிறிஸ்டியன் கட்டியதுதான். 2024 ஏப்ரலில் அதில் பெரும் தீ மூண்டு, புகழ்பெற்ற கடல்நாக வால் கோபுரம் சரிந்து விழுந்த செய்தி பலருக்கு நினைவிருக்கலாம்.

யானைகள் தாங்கும் இசைக்கருவி

அங்கிருந்து பாலத்தைக் கடந்தால் கிறிஸ்டியன்ஸ்ஹாவன் பகுதி. அங்கே மீட்பர் தேவாலயம் இருக்கிறது. 1696இல் திறக்கப்பட்ட அதன் சுருள் கோபுரம் 1752இல் முடிக்கப்பட்டது. உச்சிக்குப் போக 400 படிகள். கடைசி 150 படிகள் கோபுரத்தின் வெளிப்புறமாகச் சுற்றிச் செல்லும். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் உள்ளேயே நின்றுவிடுவது நல்லது.

உள்ளே நிற்பவர்களுக்கும் காட்சி உண்டு. குழல் இசைக்கருவியின் பெரிய மரச்சட்டத்தை இரண்டு யானைச் சிற்பங்கள் தாங்குவதுபோல் அமைத்திருக்கிறார்கள். இந்தியத் தொடர்பால் வைத்தது என்று நமக்குத் தோன்றும். உண்மையில் டென்மார்க்கின் ஆக உயரிய அரச விருதின் பெயர் யானை விருது. அதன் சின்னம்தான் இது.

கோபுரத்தை வடிவமைத்தவர், சுருள் தவறான பக்கம் சுற்றுகிறது என்றறிந்து உச்சியிலிருந்து குதித்து இறந்தார் என ஒரு கதை உலவுகிறது. அது கட்டுக்கதை. லௌரிட்ஸ் டி துரா, கோபுரம் முடிந்து ஏழு ஆண்டுகள் கழித்து 1759இல்தான் காலமானார்.

அழிந்து எழுந்த பேராலயம்

1807இல் பிரிட்டிஷ் கடற்படை கோப்பன்ஹேகனைத் தாக்கியபோது, நகரின் அன்னை தேவாலயம் எரிந்துபோனது. இன்று நாம் காணும் கட்டடம் 1829இல் திறக்கப்பட்டது. அதுவே இப்போது தலைநகரின் பேராலயம்.

சிற்பி தோர்வால்ட்சனின் இயேசு சிலையைக் காணவே பலர் வருகிறார்கள். கைகளை விரித்து, தலையைத் தாழ்த்தி நிற்கும் உருவம் அது. இரு பக்கமும் 12 சீடர்களின் சிலைகள். நேரே நின்று பார்த்தால் இயேசுவின் முகம் சரியாகத் தெரியாது. அருகே போய்ச் சற்றுக் குனிந்து நிமிர்ந்து பாருங்கள்.

ரோஸ்கில்டேயில் இரு கல்லறைகள்

ரோஸ்கில்டே பேராலயம் 1995 முதல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலம். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் செங்கல்லால் எழுந்த இந்தக் கட்டடம், வட ஐரோப்பாவில் செங்கல் கோத்திக் கலை பரவ வழிவகுத்தது. ஒவ்வொரு காலத்து மன்னரும் தமக்கென ஒரு மண்டபத்தை இணைத்துக்கொண்டே வந்ததால், ஒரே கூரையின்கீழ் பல நூற்றாண்டுகளின் கட்டடக்கலையைப் பார்க்கலாம்.

நான்காம் கிறிஸ்டியனின் மண்டபத்தில் அவரது பேழையும் தோர்வால்ட்சன் செய்த சிலையும் உள்ளன. சுவரோவியம் ஒன்று, 1644ஆம் ஆண்டுக் கடற்போரில் அவர் காயமடைந்ததைக் காட்டுகிறது. அந்தப் போரில் அவர் ஒரு கண்ணை இழந்தார்.

திருப்பீடத்தின் பின்பக்கம் சென்றால் அரசி முதலாம் மார்கரெட்டின் கல்லறை வரும். டென்மார்க், நார்வே, சுவீடன் மூன்றையும் ஒரே முடியின்கீழ் கொண்டுவந்தவர் அவர். அதே பகுதியில்தான் 1730இல் மறைந்த நான்காம் ஃபிரெடெரிக்கின் பளிங்குப் பேழையும் இருக்கிறது.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிக்கலாம். மன்னரின் அனுமதியோடு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவுக்கு, அங்கிருந்த டேனிய அதிகாரிகள் வரவேற்பு அளிக்கவில்லை. வணிகத்துக்குத் தொல்லை வரும் என்று அஞ்சிய கோட்டைத் தலைவர் அவரை நான்கு மாதம் சிறையில் அடைத்தார். வணிகத்துக்குக் கப்பல் அனுப்பியதும், சமயத்துக்கு ஆள் அனுப்பியதும் ஒரே அரசு. இரண்டும் தரங்கம்பாடியில் மோதிக்கொண்டன.

ஆனாலும் அவர் தமிழைக் கற்றார். ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் கப்பலில் வந்தன. தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறி 1715இல் முழுமை பெற்றது. 1718இல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் தரங்கம்பாடியில் இருக்கிறது. அதன் முகப்பில், கிரீடத்தின்கீழ் பின்னிக் கிடக்கும் எழுத்துகள் நான்காம் ஃபிரெடெரிக்கின் முத்திரை. ரோஸ்கில்டேயில் கல்லறையைப் பார்த்தவர்கள், தரங்கம்பாடி வாசலில் அவரை மீண்டும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் மணி நேரம் பார்த்து உள்ளே இருங்கள். பழைய கடிகாரத்தில் குதிரைமேல் இருக்கும் புனித ஜார்ஜ் ஒவ்வொரு மணிக்கும் நாகத்தைத் தாக்க, அது கத்தும். மன்னர்களின் உயரம் குறித்த தூணும் உண்டு. சயாம் மன்னர் சூலாலங்கார்னின் பெயரையும் அதில் காணலாம்.

போவதற்கு முன்

இவை அருங்காட்சியகங்கள் அல்ல. ஞாயிறு காலை வழிபாடு, திருமணம், இறுதிச்சடங்கு ஆகிய வேளைகளில் சுற்றுப்பயணிகளுக்கு அனுமதி இராது. முதல்நாளே இணையத்தளத்தில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரோஸ்கில்டேக்கும் மீட்பர் தேவாலயக் கோபுரத்துக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. குளிர்காலத்திலும் பலத்த காற்றின்போதும் கோபுரம் மூடப்படும்.

காலணியைக் கழற்ற வேண்டியதில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றுவது மரியாதை. யாராவது மெழுகுவத்தி ஏற்றி அமர்ந்திருந்தால், படம் எடுக்கும் கைப்பேசியைக் கொஞ்ச நேரம் பைக்குள் வையுங்கள். நம் கோயிலில் அடுத்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறோமோ, அதே அளவுகோல் அங்கேயும் போதும்.