அமெரிக்க ஆற்றங்கரையில் ஓர் அமீரின் பெயர்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டர்க்கி ஆற்றின் கரையில் எல்காடர் என்றொரு சிற்றூர் உண்டு. சனத்தொகை சுமார் 1,200 பேர்தான். அந்தப் பெயரைச் சற்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். அப்துல் காதிர் என்பதன் பிற்பகுதி உங்கள் காதில் விழவில்லையா?

1846இல் சட்டத்தரணி டிமோத்தி டேவிஸும், ஜோன் தொம்சன், செஸ்டர் சேஜ் ஆகிய இருவரும் சேர்ந்து இவ்வூரை நிறுவினர். ஆற்று நீரின் விசையால் சுழலும் மாவாலைதான் அவர்களது மூலதனம். ஊருக்கு என்ன பெயர் வைப்பது? அப்போது அல்ஜீரியாவில், மார்க்கக் கல்வியில் தேர்ந்த இளைஞரான அமீர் அப்துல் காதிர், 1832 முதல் பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போராடிக் கொண்டிருந்தார். அவரது வீரத்தைக் கேள்வியுற்றிருந்த டேவிஸ் அப்பெயரையே சூட்டினார்.

பூர்வீகக் குடிகள் அப்புறப்படுத்தப்பட்ட மண்ணில்தான் இவர்கள் குடியேறினார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். தம் மண்ணை விட்டுக்கொடுக்க மறுத்தவரின் பெயர் அந்த மண்ணுக்கே வாய்த்தது விசித்திரம்தான்!

மறு ஆண்டே, 1847 டிசம்பரில், அமீர் சரணடைய நேர்ந்தது. தோற்றவரின் பெயர் எதற்கு என்று ஊரார் அதை மாற்றிவிடவில்லை. 1860இல் திமிஷ்கில் கலவரம் மூண்டபோது, அங்கு வாழ்ந்துவந்த அமீர் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்து உயிர் காத்தார். 1984இல், அவர் பிறந்த பகுதியிலுள்ள முஅஸ்கர் நகரும் எல்காடரும் சகோதர நகரங்களாயின.