சைலன்சரை மாற்றியதும் மைலேஜ் ஏன் விழுகிறது?

‘ஃப்ரீ ஃப்ளோ’ சைலன்சர் போட்டால் எஞ்சின் தாராளமாக மூச்சுவிடும், மைலேஜும் ஏறும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். மாட்டிக்கொண்டவர்கள் பலர் சில வாரங்களில் வேறு கதை சொல்கிறார்கள். சத்தம் கம்பீரமாக இருக்கிறது. பெட்ரோல் முள் மட்டும் முன்பைவிடச் சீக்கிரம் இறங்குகிறது. “குழாய் பெரிசாயிடுச்சு, பேக் பிரஷர் போயிடுச்சு” என்று ஒரு காரணமும் உடனே கிடைத்துவிடும். பழைய குழாயையே திரும்ப மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. அதற்குமுன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: எஞ்சினுக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கும் நடுவில் உள்ள மூட்டுகள்.

இன்றைய பெட்ரோல் காரில் எவ்வளவு எரிபொருள் தெளிப்பது என்பதை எஞ்சின் கணினி முடிவு செய்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். விகிதம் சரியாக இருக்கிறதா என்று கணினிக்குத் தகவல் அனுப்புவது புகைக்குழாயில் திருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார். அதற்குள் இருப்பது இட்ரியா கலந்த சிர்கோனியா என்ற பீங்கான். 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறியதும் அதன் வழியே ஆக்சிஜன் அயனிகள் நகரத் தொடங்கும். பீங்கானின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் எஞ்சின் புகை. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் அளவின் வித்தியாசம் மின்னழுத்தமாக வெளிப்படும். புகையில் ஆக்சிஜன் தீர்ந்திருந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டி நிற்கும், மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட்டுக்கு இறங்கும்.

இந்த மின்னழுத்தத்தைக் கணக்கிடும் சமன்பாட்டைத் தந்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட். 1920-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். அவர் உருவாக்கிய நெர்ன்ஸ்ட் விளக்கிலும் இதே வகைப் பீங்கான்தான் ஒளிர்ந்தது. விளக்கு வழக்கொழிந்து போனது. பல பத்தாண்டுகள் கழித்து, 1976-இல், பாஷ் நிறுவனம் அந்தப் பீங்கானைக் காரின் புகைக்குழாய்க்குள் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவின் கடுமையான புகை விதிகளுக்காக வால்வோ கார்கள் அதை முதலில் ஏற்றுக்கொண்டன.

அருமையான கருவிதான். ஆனால் அதற்குத் தெரிந்தது ஆக்சிஜன் மட்டுமே. அந்த ஆக்சிஜன் சிலிண்டரில் எரியாமல் மிஞ்சியதா, வழியில் உள்ள ஓட்டை வழியே புகுந்ததா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. சைலன்சர் மாற்றிய வண்டியின் தொல்லை பல நேரங்களில் இங்கேதான் பிறக்கிறது.

ஓட்டை இருந்தால் புகை வெளியேதானே போகும், காற்று எப்படி உள்ளே வரும் என்று கேட்கத் தோன்றும். புகை ஒரே சீராக ஓடுவதில்லை. விட்டுவிட்டுத் துடிப்பாகத்தான் வெளியேறுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றினால், நொடிக்கு 30 துடிப்பு. ஒரு துடிப்பு கடந்து போனதும் அதன் பின்னால் குழாயின் அழுத்தம் சற்று நேரம் வெளிக்காற்றைவிடக் குறையும். அந்த இடைவேளையில் விரிசல் வழியே காற்று உள்ளே இழுக்கப்படும். மேனிஃபோல்டு போல்ட் சரியாக முறுக்கப்படாதது, பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டது, வெல்டிங்கில் விட்டுப்போன ஊசித்துளை என எதுவாகவும் இருக்கலாம்.

சென்சார் அந்தக் காற்றை உணர்ந்து பெட்ரோல் போதவில்லை என்று தகவல் கொடுக்கும். கணினி கூடுதலாகத் தெளிக்கும். ஓட்டை அங்கேயே இருப்பதால் தகவலும் மாறாது. சேர்த்துத் தெளிப்பது பழக்கமாகவே பதிந்துவிடும். 15 சதவீதம் கூட்டித் தெளித்தால் 14.7 ஆக இருக்க வேண்டிய விகிதம் 12.8-க்கு வந்துவிடும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்த கார் 16-க்குக் கீழே இறங்க இது போதும். பிளக்கில் கரி படியும். எரியாத எரிபொருளும் உள்ளே புகுந்த காற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் சந்தித்து எரிவதால் அது அளவுக்கு மீறிச் சூடாகும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தப் பாகத்தின் விலையோடு ஒப்பிட்டால் ஒரு பேக்கிங்கின் விலை ஒன்றுமே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனரில் ‘ஃபியூயல் ட்ரிம்’ என்ற எண்ணைப் பார்த்தால் போதும். கணினி தன் அடிப்படைக் கணக்கைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ தெளிக்கிறது என்று அது சொல்லும். பூஜ்யத்தை ஒட்டி இருப்பது நல்லது; பிளஸ் 10-ஐத் தாண்டி நிலையாக நின்றால் சந்தேகப்பட வேண்டும். ஐடிலிங்கில் அதிகமாக இருந்து, 2,500 சுற்றுக்கு உயர்த்தியதும் குறைந்தால் காற்று எங்கோ புகுகிறது என்று கொள்ளலாம். வேகம் கூடும்போது புகையின் அளவும் கூடுவதால், உள்ளே புகும் காற்றின் பங்கு அற்பமாகிவிடுகிறது.

இன்டேக் பக்கம் காற்றுக் கசிவு இருந்தாலும் இதே எண்தான் வரும். அதைப் பிரித்தறிய பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எண் ‘பெட்ரோல் குறைவு’ என்று சொல்லும்போது பிளக் கறுத்திருந்தால், சென்சாருக்கு வரும் செய்தியே தவறு என்று புரிந்துகொள்ளலாம். பல இடங்களில் இந்தச் சோதனை நடப்பதே இல்லை. ஸ்கேனரில் ‘பி 0171’ என்ற பிழைக் குறி வந்ததும் புதுச் சென்சார் போட்டுவிடுகிறார்கள். புதுச் சென்சாரும் அதே காற்றைத்தான் உணரும். இது வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்கும் வேலை.

ஓட்டையைத் தேட வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது மேனிஃபோல்டு பக்கம் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடானதும் நின்றால், உலோகம் விரிந்து விரிசலை மூடுகிறது என்று பொருள். மூட்டைச் சுற்றிக் கரித்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, வாக்குவம் கிளீனரின் காற்று ஊதும் வாயைச் சைலன்சரின் கடைசியில் பொருத்தி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி வரும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். அடைப்பதற்கு சிலிக்கான் பசை பூசுவதாக இருந்தால், சென்சாருக்குக் கேடு செய்யாத வகைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணப் பசையின் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும். சரிசெய்தபின் கணினியில் பதிந்த பழைய கணக்கை அழித்துவிட வேண்டும்.

மேனிஃபோல்டுக்குப் பதிலாக நீளமான ஹெட்டர் குழாய் போட்டு, சென்சாரை எஞ்சினிலிருந்து தள்ளி வைத்திருந்தால் அது போதுமான சூடு பெறாமல் தடுமாறலாம். அதையும் பார்க்க வேண்டும்.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள கடைசிப் பகுதியை மட்டும் மாற்றியவர்களுக்கு இந்தக் காரணம் பெரும்பாலும் பொருந்தாது. குழாய் தேவைக்கு மேல் அகலமானால் குறைந்த வேகத்தில் பிக்கப் சற்று மந்தமாகலாம். ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக அழுத்துவார். புதுச் சத்தமும் மிதிக்கத் தூண்டும். இரண்டு முறை முழு டேங்க் நிரப்பி, பழைய நிதானத்தில் ஓட்டி, கணக்குப் பார்த்தபின் முடிவுக்கு வரலாம். சைலன்சரோடு அகலமான டயரும் போட்டிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

கன்வெர்ட்டரையே கழற்றிவிடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அப்படியே தெருவுக்கு வரும். பின்னால் ஸ்கூட்டரில் வருபவர்தான் அதைச் சுவாசிப்பார். தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது.

அசல் சைலன்சர் துருப்பிடித்து, அதற்குப் பதில் வேறொன்று போட வேண்டிய நிலை யாருக்கும் வரும். அப்போது வேலைக்கு முன்பும் பின்பும் ஃபியூயல் ட்ரிம் எண்ணை ஸ்கேனரில் காட்டச் சொல்லுங்கள். எண் ஏறியிருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மூட்டைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள்.