எத்திலீன் சொல்வதும் காய் கேட்பதும்

மைசூரின் சயாஜி ராவ் சாலையில் தேவராஜ மார்க்கெட் இருக்கிறது. அங்கே கல்போலக் கெட்டியாக வந்திறங்கும் பச்சை வாழைத்தார் சில நாள்களில் மஞ்சளாகி, மணம் வீசி, விரல் பட்டாலே குழையும் பழமாகிவிடுகிறது. வெட்டும்போது அதன் சதையில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு மாவுச்சத்து இருக்கும். பழுத்து முடிந்ததும் அது ஓரிரு பங்காகக் குறைந்து, கரைந்த மாவெல்லாம் சர்க்கரையாகிவிடும். இத்தனையும் நடப்பது மரத்திலிருந்து பிரிந்து வந்த பிறகு. வேரும் இலையும் இல்லாத ஒரு தாரில் கோடிக்கணக்கான செல்கள் ஒரே சமயத்தில் பழுக்கத் தொடங்குகின்றன என்றால், அவற்றுக்குள் செய்தி ஒன்று பரவியிருக்க வேண்டும். அதைப் பரப்புவது எத்திலீன் என்னும் வாயு. இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன், அவ்வளவுதான் அதன் உடம்பு. இவ்வளவு சின்ன மூலக்கூறில் ‘மாவைச் சர்க்கரையாக்கு, தோலின் பச்சையை அழி, மணத்தை உண்டாக்கு’ என்ற கட்டளைகளை எழுதிவைக்க இடமே கிடையாது. செய்தியின் பொருள் அதைப் பெறும் செல்லில்தான் இருக்கிறது என்பதே என் கருத்து. செல்களின் வேதிப்பேச்சு முழுவதையும் புரிந்துகொள்ள வாழைப்பழத்தைவிட எளிய வாசல் எனக்குத் தெரியவில்லை.

பெயர் தெரியாமலேயே இந்த வாயுவை நம்மவர்கள் நெடுங்காலம் கையாண்டிருக்கிறார்கள். தாரைக் குழியிலோ மூடிய அறையிலோ அடுக்கி, சருகையும் வைக்கோலையும் புகையவிட்டு மூட்டம் போடுவது தமிழ்நாட்டு வழக்கம். அரைகுறையாக எரியும் சருகிலிருந்து வரும் புகையில் எத்திலீனும் உண்டு. அறிவியல் இதைக் கண்டுகொண்டது எதிர்பாராத ஓர் இடத்தில். 1901-இல் ரஷ்யாவில் டிமித்ரி நெல்யூபோவ், ஆய்வகத்தில் வளர்த்த பட்டாணி நாற்றுகள் ஒழுங்காக நிமிராமல் குட்டையாகப் பருத்துப் படுக்கையாக வளர்வதைக் கவனித்தார். விளக்கு எரிக்கப் பயன்பட்ட வாயுவில் கலந்திருந்த எத்திலீனே காரணம் என்று நிறுவினார். செடிக்கு வெளியிலிருந்து வரும் ஏதோ மாசு என்றுதான் அப்போதைக்கு அதைக் கருத முடிந்தது. பழுக்கும் பழமே இந்த வாயுவை உண்டாக்குகிறது என்று 1934-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் ஆப்பிள்களை வைத்துக் காட்டியபோதுதான் அது செடியின் சொந்தச் சொல் என்பது தெளிவாயிற்று.

அந்தச் சொல்லைக் கேட்கும் காது எது என்பது தெரிய மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், அந்தக் காதுக்கு, அதாவது எத்திலீனைப் பற்றும் ஏற்பிக்கு உரிய மரபணுவை 1993-இல் எலியட் மேயரோவிட்சின் ஆய்வகம் பிரித்தெடுத்தது. செல்லின் உள்ளே மடிப்பு மடிப்பாக விரிந்திருக்கும் சவ்வில் இந்த ஏற்பிகள் பதிந்திருக்கின்றன. ஏற்பியின் குழியில் ஒரு தாமிர அயனி உண்டு. எத்திலீன் வந்து பிடித்துக்கொள்வது அதைத்தான். இதற்குப் பிறகு நடப்பது நாம் நினைப்பதற்கு நேர்மாறானது. எத்திலீன் வராதவரைதான் இந்த ஏற்பி ஓயாமல் வேலை செய்கிறது. பக்கத்தில் இருக்கும் ஒரு நொதியை முடுக்கிவிட்டு, அடுத்த கண்ணியான புரதத்தை அது முடக்கிவைக்கும்படி செய்கிறது. எத்திலீன் பற்றியவுடன் ஏற்பி ஓய்கிறது, நொதியும் ஓய்கிறது. முடங்கியிருந்த புரதத்தின் ஒரு துண்டு அறுபட்டு உட்கருவுக்குள் போகிறது. வழக்கமாக உண்டாக உண்டாகச் சிதைக்கப்பட்டுவந்த மற்றொரு புரதம் இப்போது சிதையாமல் நிலைத்து, உறங்கிக்கிடந்த மரபணுக்களை எழுப்புகிறது. சரிவில் நிற்கும் வண்டியின் சக்கரத்துக்கு அண்டைக்கல் வைத்திருப்பதுபோல இது. கல்லை உருவ விரல் போதும், வண்டி ஓடுவது சரிவால்.

இது வெறும் விளக்கம் அல்ல, சோதித்து அறிந்த உண்மை என்பதற்குச் சான்று அழகானது. எத்திலீனைப் பற்ற முடியாதபடி ஒரே ஓர் ஏற்பி மரபணு திரிந்தாலும் போதும், செடி முழுவதுமே அந்த வாயுவுக்குச் செவிடாகிவிடுகிறது; திரிந்த ஏற்பி தடையை விடுவதே இல்லை. நேரெதிராக, ஏற்பிகள் பலவற்றை ஒருசேர அழித்துவிட்டால் என்ன ஆகும்? காது போனால் எதுவும் கேட்காது என்றுதானே எதிர்பார்ப்போம். ஆனால் 1998-இல் அப்படிச் செய்து பார்த்தபோது, எத்திலீனே இல்லாத காற்றிலும் செடி எத்திலீனில் முழுகியதுபோல வளர்ந்தது. செய்தி வரவே இல்லை, பதில் மட்டும் முழுமையாக வந்தது. பதில் செல்லுக்குள்ளேயே தயாராக இருந்தது என்பதற்கு இதைவிட நேரான நிரூபணம் வேண்டியதில்லை. தக்காளியிலும் இதே கதைதான். என்றும் பழுக்காத ஒரு தக்காளி வகை விஞ்ஞானிகளுக்கு நெடுநாளாகத் தெரியும். அதன் குறையும் எத்திலீன் ஏற்பியில்தான் என்று 1995-இல் தெரியவந்தது.

ஒரே வாயு இடத்துக்கு இடம் வேறு வேறு பொருள் தருவதும் இதனால்தான். வாழைக்காயில் பழுத்தல், இலைக்காம்பில் உதிர்வு, அன்னாசியில் பூப்பு, வெள்ளரியில் பெண் பூக்கள் பெருகுதல் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத விளைவுகள். ஒரே காய்க்குள்கூட இந்த வேற்றுமை உண்டு. மொரிஸ் போன்ற வாழை வகைகளை வெப்பம் மிகுந்த அறையில் வைத்தால் சதை இனித்துக் குழைந்துவிடும், தோலோ பச்சையாகவே நிற்கும். இரண்டுக்கும் கிடைத்தது ஒரே காற்று. அந்தச் சூட்டில் பச்சையத்தைச் சிதைக்கத் தோலின் செல்களால் முடியவில்லை. பழுக்க வைக்கும் அறைகளை 16 முதல் 18 பாகை வரை குளிர்விப்பது இதற்காகத்தான்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். செல்தான் முடிவு செய்கிறது என்றால், காயைப் பழுக்க வைக்கும் கார்பைட் கல் அதை எப்படி ஏமாற்றுகிறது? கல்லில் ஈரம் பட்டால் வருவது அசிட்டிலீன். அது எத்திலீன் அல்ல. ஆனாலும் காய் மஞ்சளாகிறது. தாமிர அயனி பார்ப்பது கார்பன்களுக்கு இடையிலான பிணைப்பை மட்டும்தான், அனுப்பியவர் யார் என்பதை அல்ல. அசிட்டிலீனும் அந்தக் குழியில் ஓரளவு பொருந்துகிறது. ஆனால் எத்திலீனைவிடப் பல மடங்கு அதிகம் தேவைப்படுகிறது. பொருள் மூலக்கூறில் இருந்திருந்தால் போலியால் இதைச் சாதிக்க முடியாது. போலி பலிப்பதே என் வாதத்துக்குத் துணை. கல்லோடு கலந்து வரும் ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் உண்பவருக்கும் கையாள்பவருக்கும் கேடு என்பதால் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை அனுமதிக்கின்றன. அந்தச் சிறு அளவே தாராளம். தடையை நீக்க அதற்குமேல் எதற்கு?

இன்னொரு மறுப்பு: ஒரு பழுத்த பழம் கூடை முழுவதையும் பழுக்க வைக்கிறதே, இது கட்டளை இல்லாமல் வேறென்ன? வாழை, மா, தக்காளி போன்றவற்றில், எத்திலீனை உணர்ந்த முற்றிய காய் தானும் எத்திலீனை உண்டாக்கத் தொடங்கும். அதனால்தான் தொற்றுபோலத் தோன்றுகிறது. அதே கூடையில் திராட்சைக் கொத்தை வைத்துப் பாருங்கள், அது இனிப்பதில்லை. ஆரஞ்சின் தோல் நிறம் மாறினாலும் உள்ளே சர்க்கரை ஏறாது. காய்க்குள் காலக்கணக்கும் ஒன்று நடக்கிறது. தக்காளியில் எத்திலீனைப் பற்றிக்கொண்ட ஏற்பிகள் சிதைக்கப்படுகின்றன என்று 2007-இல் கண்டறிந்தார்கள். ஒவ்வோர் ஏற்பியும் ஒரு தடை என்பதால், அவை குறையக் குறையக் காய் பழுக்கும் நாள் நெருங்குகிறது. பிஞ்சு பிடிவாதமாக இருப்பதும் முற்றிய காய் சட்டென்று இசைவதும் இந்தக் கணக்கின்படிதான்.

செய்தியின் பொருள் பெறும் செல்லில் இருப்பது தாவரத்தோடு முடிவதில்லை. பயந்த வேளையில் சுரக்கும் அட்ரினலின் நம் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, எலும்புத் தசையின் குழாய்களை விரிக்கிறது. இரு இடத்திலும் ஏற்பிகள் வேறு. காலராக் கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது என்று கல்கத்தாவில் சம்புநாத் தே 1959-இல் காட்டினார். குடல் செல்லில் செய்தியைக் கடத்தும் புரதம் தன்னைத்தானே அணைத்துக்கொள்ள முடியாதபடி அந்த நச்சு செய்துவிடுகிறது என்பது பின்னர் தெரிந்தது. யாரும் எதுவும் சொல்லாமலே செல் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது, உடம்பின் நீர் வெளியேறிக்கொண்டே இருக்கிறது.

மீண்டும் வாழைப்பழத்துக்கே வருவோம். சந்தையில் சப்பென்ற மஞ்சள் பழம் கிடைத்தால் நாம் வாயுவைக் குறைசொல்கிறோம். பெரும்பாலும் பிழை அதற்கு முன்பே, வெட்டிய நாளில் நடந்திருக்கும். மாவு நிறையாத காயில் எந்த வாயு தடையை நீக்கினாலும் சர்க்கரையாக மாற உள்ளே சரக்கு இல்லை. நஞ்சன்கூடு ரசபாளையானாலும் திருச்சிப் பூவனானாலும், சீப்பை வாங்கும்போது காயின் விளிம்புகளைப் பாருங்கள்: கூர்மையாக எழும்பி நின்றால் முற்றாமல் வெட்டியது, மழுங்கி உருண்டிருந்தால் முற்றியது.